இந்த விண்வெளிக் கதையை எழுதியது யார்? கண்டுபிடிக்கும் முறை

யாழ்ப்பாணத்து வாசிகசாலைகளில் விஞ்ஞானப் புனைகதை பற்றிப் பேச்செடுத்தால், ஆசிரியர் பெயர் மறந்துபோன கதை எல்லாம் ஆர்தர் சி. கிளார்க்கின் கணக்கில் சேர்ந்துவிடும். 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர் என்ற பாசம்தான் காரணம். அதனால் நட்டப்படுவது ஐசக் அசிமோவ், ரே பிராட்பரி போன்ற அமெரிக்க விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர்கள்.

படி 1: நினைவில் உள்ள கதையைக் கொப்பியில் எழுதுங்கள். ஆசிரியர் பெயரை மட்டும் எழுதாதீர்கள். எழுதினால் நினைவும் அந்தப் பெயர் இழுத்த பக்கம் போகும். “எதிர்காலம், விண்கலம்” என்ற குறிப்பால் பயனில்லை. “விண்கலத்தில் போகும் இயேசு சபைக் குருவானவரின் விசுவாசம் ஆட்டம் காண்கிறது” என்றால் அது துப்பு.

படி 2: புத்தகம் கையில் இருந்தால், முகப்பில் இருப்பவர் எழுதியவரா தொகுத்தவரா என்று பாருங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்ற கதைகளைக் கொண்டு 1962இல் வந்த ‘த ஹியூகோ வின்னர்ஸ்’ தொகுப்பின் முகப்பில் அசிமோவ் பெயர் இருக்கும். உள்ளே கிளார்க்கின் ‘த ஸ்டார்’, டேனியல் கீஸின் ‘ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’ எல்லாம் உண்டு. போதாததற்கு ஒவ்வொரு கதைக்கும் முன்னால் அசிமோவே வந்து கலகலப்பாகப் பேசுகிறார். அடுத்த பக்கத்தில் தொடங்கும் கதையும் அவருடையதுதான் என்று நினைப்பதில் வியப்பில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதியில் உள்ளடக்கம் கிழிந்திருந்தால் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். கதை முதலில் வெளியான இதழும் ஆண்டும் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

படி 3: தலைப்பை மட்டும் நம்பாதீர்கள். ‘ஐ, ரோபோட்’ என்ற சிறுகதை 1939இல் ஈயாண்டோ பைண்டர் என்ற புனைபெயரில் வந்தது. ஏர்ல், ஓட்டோ என்ற சகோதரர்கள் இருவரின் பெயர் அது. அசிமோவின் தொகுப்புக்கு 1950இல் அதே தலைப்பை வைத்தவர் பதிப்பாளர்.

படி 4: கருத்து ஒன்றாக இருப்பதாலும் முடிவுகட்டாதீர்கள். விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கியை வைத்து 1979இல் கிளார்க்கும் சார்லஸ் ஷெஃபீல்டும் தனித்தனியே நாவல் எழுதினார்கள். அது தற்செயல்தான் என்று கிளார்க்கே பகிரங்கக் கடிதம் எழுதினார். மின்தூக்கி தப்ரபேன் என்ற தீவின் மலையிலிருந்து கிளம்பினால் அது கிளார்க். கதைக்காக நம் தீவை 800 கிலோமீற்றர் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தியவர் அவர். இருக்கிற வெயில் போதாதென்று!

படி 5: ‘இன்டர்நெட் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன் டேட்டாபேஸ்’ என்ற இலவசத் தளத்தில் தலைப்பைத் தேடி, முதல் வெளியீட்டு ஆண்டைப் பாருங்கள். தமிழ் மொழிபெயர்ப்பானால் மூலத் தலைப்பு வேண்டும். ‘த ஸ்டார்’ என்று தேடினால் எச்.ஜி. வெல்ஸின் 1897ஆம் ஆண்டுக் கதையும் வரும், கிளார்க்கின் 1955ஆம் ஆண்டுக் கதையும் வரும். குருவானவர் இருப்பது இரண்டாவதில்.

அழியும் பிரபஞ்சத்தை மீட்க வழியுண்டா என்று தலைமுறை தலைமுறையாகக் கணினியைக் கேட்கும் கதையா? தேட வேண்டாம். 1956இல் வந்த அசிமோவின் ‘த லாஸ்ட் க்வெஸ்சன்’. தலைப்பையும் ஆசிரியரையும் மறந்த வாசகர்கள் அசிமோவிடமே விசாரித்த கதை அது.