ஓடும்போது மின்சார பைக்கின் இழுவை குறைந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மேடேறும்போது வண்டி திடீரென்று தளர்ந்து நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்திச் சற்று நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் மீட்டரில் பேட்டரி முழுதாக இருப்பதாகக் காட்டுகிறது, வண்டியும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடுகிறது. பர்மாவின் மௌல்மீன் நகரின் நடுவே வடக்குத் தெற்காக நீளும் குன்றுகளின் மேல் வீடோ கடையோ உள்ளவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்பது இந்தக் குறையைத்தான். இதற்காகப் பேட்டரி முழுவதையும் மாற்றிவிட்டு, குறை தீராமல் பிறகு மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையும் மாற்றிப் பெரும் பணத்தை இழந்தவர்கள் உண்டு. வண்டி சும்மா நிற்கும்போது ஒளிந்துகொண்டு, சுமை ஏறும்போது மட்டுமே வெளிப்படும் குறை இது. ஆகவே சுமை ஏறும் நேரத்தில்தான் இதை அளக்க வேண்டும்.

பர்மாவின் ஊர்களில் பரவலாக ஓடும் 48 அல்லது 60 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி வண்டியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். 48 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேட்டரிகள் நான்கும், 60 வோல்ட் வண்டியில் ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும்.

தேவையானவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், ஒரு குறிப்பேடு. மோதிரம், வளையல், உலோகப் பட்டையுள்ள கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டே இருக்கைக்கு அடியில் கை வையுங்கள். பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு ஸ்பேனர் தற்செயலாகத் தொட்டுவிட்டால் அது நொடியில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட் அளவில் வையுங்கள். ஆம்பியர் துளையில் வயரைச் செருகி பேட்டரியைத் தொடவே கூடாது.

படி 1: இழுவை எப்படிப் போகிறது என்று கவனியுங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன், குறை தோன்றும் விதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரும் விளக்கும் சேர்ந்து அணைந்தால் பிரதான சுவிட்சு, ஃபியூஸ், பேட்டரி இணைப்பு, சாவி சுவிட்சு ஆகியவற்றில் எங்கோ மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. விளக்கு எரிந்துகொண்டிருக்க, ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது பேட்டரிக் கட்டங்கள் சரிந்து, விட்டவுடன் மீண்டும் ஏறினால், பேட்டரியோ அதன் இணைப்போ தளர்ந்திருக்கிறது. கட்டங்கள் சரியாமலேயே மோட்டார் மட்டும் நின்றால் பிரேக் சுவிட்சையும் ஆக்ஸிலேட்டரையும் சந்தேகியுங்கள். வண்டி உதறி, உறுமி, விட்டுவிட்டு இழுத்தால் மோட்டாருக்குள் இருந்து சக்கரத்தின் நிலையைக் கன்ட்ரோலருக்குத் தெரிவிக்கும் ஹால் சென்சார்களையோ தடித்த மூன்று மோட்டார் வயர்களையோ பார்க்க வேண்டும். நீண்ட ஏற்றத்திற்குப் பின் மெல்ல மெல்லத் தளர்ந்து, ஆறிய பிறகு மீண்டால் கன்ட்ரோலரோ மோட்டாரோ சூடேறியிருக்கலாம்.

படி 2: சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா?

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். பிரேக் உரசினாலோ டயரில் காற்று குறைந்திருந்தாலோ முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சாவி அணைந்த நிலையிலும் சக்கரம் விட்டுவிட்டு இறுகி, தள்ளவே கடினமாக இருந்தால், மூன்று மோட்டார் வயர்களையும் கழற்றி ஒன்றையொன்று தொடாமல் வைத்து மறுபடி சுழற்றுங்கள். இப்போது இலகுவாகச் சுழன்றால் குறை கன்ட்ரோலருக்குள் இருக்கிறது. அப்போதும் இறுகினால் மோட்டாரிலோ அதன் வயரிலோ இருக்கிறது.

படி 3: ஓய்வில் உள்ள வோல்ட்டேஜ்

முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் விட்டபின் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். நல்ல பேட்டரி 12.7 அல்லது 12.8 வோல்ட் காட்டும். ஒன்று மட்டும் 12.4க்குக் கீழே இருந்தால் அதன்மேல் ஒரு கண் வையுங்கள். எல்லாமே ஒரேபோல் குறைந்திருந்தால் சார்ஜரைப் பாருங்கள். சார்ஜ் முடியும் தறுவாயில் 48 வோல்ட் வண்டியின் மொத்த அளவு ஏறத்தாழ 59 வோல்ட்டுக்கும், 60 வோல்ட் வண்டியில் ஏறத்தாழ 73 வோல்ட்டுக்கும் வர வேண்டும். நம் ஊர்களில் மின்வெட்டால் சார்ஜ் பாதியில் நின்றுபோவது வழக்கமாகிவிட்டது. லெட் ஆசிட் பேட்டரி அரைகுறைச் சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறையும். ஆகவே மின்சாரம் தொடர்ந்து கிடைக்கும் நாளில் ஒருமுறையாவது முழுச் சார்ஜ் ஏற்றிவிட்டுப் பிறகு முடிவுக்கு வாருங்கள்.

படி 4: சுமையில் அளத்தல்

சக்கரத்தை ஸ்டாண்டில் சுழலவிட்டுப் பார்ப்பது இதற்குச் சோதனை ஆகாது, ஏனெனில் தரையைத் தொடாத சக்கரத்தைச் சுழற்ற மோட்டாருக்குச் சில ஆம்பியரே போதும். மேட்டில் அது 20 ஆம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும்.

பேட்டரித் தொகுப்பின் இரு கோடி முனைகளிலிருந்தும் நன்கு உறையிட்ட இரண்டு மெல்லிய வயர்களை இழுத்து, முனைக்கு அருகிலேயே ஒவ்வொன்றிலும் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, மல்டிமீட்டரோடு இணையுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத ஏற்றத்தில் நீங்கள் ஓட்ட, பின்னால் உட்கார்ந்திருப்பவர் அளவைப் பார்த்துச் சொல்லட்டும். ஓட்டுபவர் மீட்டரைக் குனிந்து பார்ப்பது ஆபத்து. 48 வோல்ட் வண்டியின் கன்ட்ரோலர் பொதுவாக 42 வோல்ட்டுக்கும், 60 வோல்ட் வண்டியில் 52.5 வோல்ட்டுக்கும் இறங்கியதும் மோட்டாரை நிறுத்திவிடும். இழுவை போகும் கணத்தில் அளவு அந்த எல்லையைத் தொட்டால் காரணம் பேட்டரிப் பக்கம் இருக்கிறது. தொடாவிட்டால் அடுத்த படிகளுக்குப் போகலாம்.

இனி வயர்களை ஒவ்வொரு பேட்டரிக்கும் மாற்றி மாற்றி அதே ஏற்றத்தில் அளந்து பாருங்கள். 60 வோல்ட் வண்டியில் நான்கு பேட்டரிகள் தலா 11.6 வோல்ட்டில் உறுதியாக நிற்க, ஐந்தாவது மட்டும் 6.1க்கு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 46.4 உடன் 6.1 சேர்ந்தால் 52.5, உடனே கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். பல்லக்குத் தூக்குபவர்களில் ஒருவர் மட்டும் மேட்டில் கால் தளர்ந்தால் மற்றவர்களின் பலம் எதற்கும் உதவாது அல்லவா, அந்த நிலைதான் இது. அந்தப் பேட்டரியே சற்று நேரம் ஓய்ந்தபின் 12.4 காட்டும் என்பதால்தான், கடை வாசலில் வைத்து அளப்பவர் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார். சுமையில் 10.5 வோல்ட்டுக்குக் கீழே மற்றவற்றுக்கு வெகு முன்பாக விழும் பேட்டரியே குற்றவாளி.

தொகுப்பு புதியதாக இருந்தால், அதே வகையில் அதே கொள்ளளவில் ஒன்றை வாங்கி, தனியாக முழுச் சார்ஜ் ஏற்றியபின் சேர்க்கலாம். மற்றவையும் தேய்ந்தவை என்றால் ஒன்றை மட்டும் மாற்றுவதில் பயனில்லை என்பது என் கருத்து. பழையவற்றோடு சேர்ந்த புதியது சீக்கிரமே கெட்டுவிடும்.

லித்தியம் பேட்டரி வண்டியில் உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்றே மின்சாரத்தை முழுதாக வெட்டுவதால் மீட்டரும் அணைந்துவிடும். அதன் மொத்த வோல்ட்டேஜை வெளியிலிருந்து அளக்கலாமே தவிர, பெட்டியை வீட்டில் பிரிக்காதீர்கள்.

படி 5: இணைப்புகள்

பேட்டரிகள் ஒவ்வொன்றும் நன்றாக நின்றும் கன்ட்ரோலருக்குப் போதிய வோல்ட்டேஜ் சேரவில்லை என்றால் இடையில் எங்கோ மின்சாரம் தடைபடுகிறது. 20 ஆம்பியர் ஓடும்போது 0.1 ஓம் தடை 2 வோல்ட்டை விழுங்கி 40 வாட் சூடாக மாற்றுகிறது. கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகுவது அதனால்தான். பேட்டரிகளை இணைக்கும் சிறு வயர்கள், பிரதான சுவிட்சின் முனைகள், ஃபியூஸ் பிடிப்பு, கன்ட்ரோலருக்குப் போகும் கனெக்டர் ஆகியவற்றைப் பாருங்கள். ஏற்றம் ஏறி முடித்தவுடன் சாவியை அணைத்து, உறையின் மேல் விரலின் பின்புறத்தால் தொட்டால், எது மற்றதைவிட அதிகம் சூடாக இருக்கிறதோ அங்கேதான் தடை. வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் முனைகளைச் சுரண்டித் துடைத்து இறுக்குங்கள். உருகிய கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிது போடுங்கள்.

படி 6: பிரேக் சுவிட்சும் ஆக்ஸிலேட்டரும்

பிரேக் பிடித்தால் மோட்டார் நிற்பதற்காகக் கைப்பிடியில் ஒரு சிறு சுவிட்சு உண்டு. கையை எடுத்த பிறகும் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்தச் சுவிட்சு சிக்கியிருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அதன் கனெக்டரைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

ஆக்ஸிலேட்டருக்கு மூன்று வயர்கள். கன்ட்ரோலர் தரும் 5 வோல்ட் ஒன்றில், தரை (நெகட்டிவ்) ஒன்றில், சமிக்ஞை மூன்றாவதில். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மெல்லத் திருகினால் சமிக்ஞை ஏறத்தாழ 1 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட் அளவுக்குத் தடங்கலின்றி ஏற வேண்டும். இடையில் துள்ளினாலோ விழுந்தாலோ ஆக்ஸிலேட்டரை மாற்றுங்கள். பர்மியப் புத்தாண்டு நீர்த்திருவிழாவான திங்ஜான் நாட்களில் தண்ணீர் நேராகக் கைப்பிடியில்தான் விழுகிறது. அதற்குப் பின் வரும் இத்தகைய குறை, பிரித்து நன்றாக உலர்த்தியதும் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

படி 7: ஹால் சென்சார்

மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய ஐந்து வயர்களில் சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட்டுக்கானவை. மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகக் கறுப்போடு சேர்த்து அளந்தபடி சக்கரத்தைக் கையால் மிக மெதுவாக நகர்த்தினால், அளவு பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கு அருகிலும் மாறி மாறி வர வேண்டும். ஒன்று அசையாமல் நின்றால் அந்தச் சென்சாரோ அதன் வயரோ போய்விட்டது. அச்சிலிருந்து வயர் வெளிவரும் வளைவில் உறை தேய்ந்து அறுபடுவது வழக்கம் என்பதால், அங்கே வயரை மெல்ல அசைத்துக்கொண்டே அளந்து பாருங்கள்.

கன்ட்ரோலர் சூடாவதாகச் சந்தேகம் இருந்தால் அதன்மேல் படிந்த சேற்றைத் துடைத்து, காற்று படும்படி வைத்து, சுமையைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

எதைச் சரிசெய்தாலும், அதே ஏற்றத்தில், அதே இருவரை ஏற்றிக்கொண்டு, பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கும்போது படி 4-ஐ மறுபடி செய்து புதிய அளவுகளைப் பழையவற்றின் பக்கத்திலேயே தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த முறை இழுவை குறையும்போது எந்தப் பேட்டரி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்தத் தாள் காட்டிவிடும்.