குளுக் குளுக் சத்தமா? மொட்டை மாடிக்கும் ஒரு நடை போய் வாருங்கள்

சிங்க்கில் தண்ணீர் தேங்கியதும் ஆசிட் பாட்டிலைத் தேடாதீர்கள். அடைப்பு எங்கே என்று முதலில் கண்டுபிடிப்போம். ஒரு சிங்க் மட்டும் தேங்கினால், அதன் டிராப்பிலோ (சிங்க்குக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கிற பகுதி) வேஸ்ட் பைப்பிலோதான் கோளாறு. வீடு முழுக்கத் தேங்கினால் வெளியே சேம்பரில், அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடிபோட்ட தொட்டியில். தண்ணீர் இறங்குகிறது, ஆனால் குளுக் குளுக் என்று சத்தமும் பின்னாலேயே நாற்றமும் வருகிறதா? மொட்டை மாடி வரை போகும் காற்றுக் குழாயான வென்ட் பைப்பைச் சந்தேகப்படுங்கள்.

முதலில் சிங்க். அடியில் ஒரு வாளியை வைத்து, பாட்டில் டிராப்பின் கீழ்க்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றுங்கள். வாஷர் பத்திரம்! உள்ளே டீத்தூள், தேங்காய்த் துருவல், சோறு எல்லாம் எண்ணெயில் ஒட்டிக் கிடக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். மார்கழியில் பாட்டிலில் நடப்பது பைப்புக்குள்ளும் நடக்கும். கழுவி மாட்டுங்கள்.

இன்னும் இறங்கவில்லையா? ரப்பர் பம்ப் முழுகும் அளவு தண்ணீர் விட்டு, சிங்க்கின் பக்கச் சுவரில் மேலே இருக்கும் ஓட்டையை ஈரத்துணியால் அடைத்து, இருபது தடவை அமுக்கி இழுங்கள். துணி வைக்காவிட்டால் காற்று அந்த வழியே போய்விடும், கைவலிதான் மிச்சம். அதற்கும் அசையாவிட்டால் ஸ்பிரிங் கம்பியைச் சுற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள்.

கொதிக்கும் தண்ணீரை ஊற்ற வேண்டாம், பிவிசி இளகும். கை பொறுக்கும் சூடு போதும். சோடா உப்பும் வினிகரும் நன்றாக நுரைக்கும், அவ்வளவுதான். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும், விளையாட்டு இல்லை.

சரி, வென்ட் பைப். டிராப்பில் எப்போதும் நிற்கிற இரண்டு அங்குலத் தண்ணீர்தான் நாற்றத்துக்குக் கதவு. டாய்லெட்டில் ஒரு வாளி ஊற்றும்போது, விழுகிற தண்ணீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். அந்தக் காற்றை மாடியிலிருந்து கொடுப்பது வென்ட் பைப். அது அடைத்துக்கொண்டால், பக்கத்து டிராப்பிலிருந்து காற்றை உறிஞ்சும். சத்தமும் அதுதான், கதவு திறந்துகொள்வதும் அதனால்தான்.

மாடியில் பைப்பின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். மொபைல் டார்ச் என்றால் இறுக்கிப் பிடியுங்கள். தீக்குச்சி மட்டும் கூடவே கூடாது, உள்ளே மீத்தேன் இருக்கலாம். சருகு, அணில் கூடு, பிள்ளைகளின் பந்து, எதுவும் இருக்கும். நுனி வளைத்த கம்பியால் மேலே இழுத்து எடுங்கள். கீழே தள்ளினால் வேலை இரண்டாகும். அப்புறம் ஹோஸ் பைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் மேலே ஏறி வந்தால் உடனே நிறுத்துங்கள், அடைப்பு இன்னும் கீழே இருக்கிறது.

சேம்பர் நிரம்பியிருந்தால் மூடியைத் திறந்து மூங்கில் பத்தையால் குத்திப் பார்க்கலாம். செப்டிக் டேங்க் என்றால் லாரியைக் கூப்பிடுங்கள். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் அதற்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உயிரும் போகும்.

கடைசியாக, எல்லா டிராப்பிலும் ஒரு சொம்பு தண்ணீர் விட்டுவிட்டு, டாய்லெட்டில் ஒரு வாளி ஊற்றுங்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஜாலிப் பக்கம் காதை வையுங்கள். குளுக் கேட்கவில்லையா, மாடிக்குப் போய் மூடியை மாட்டி, மேலே ஒரு கம்பி வலையும் கட்டிவிட்டு வாருங்கள். அணில் திரும்பி வரும்.