127 பகா எண்தானா? காரணி தேடாமலே கண்டறியும் முறை

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய 2, 3, 5, 7 என வரிசையாக வகுத்துப் பார்ப்பதே பள்ளியில் பழகிய வழி. ஆனால் 2024 அக்டோபரில் கண்டறியப்பட்டு, அதுவரை அறிந்தவற்றுள் மிகப் பெரியதாக நின்ற பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. 2 இன் 13,62,79,841 ஆம் அடுக்கிலிருந்து 1 ஐக் கழித்தால் வருவது அது. அதை உறுதிசெய்த லூக்காஸ்–லெமர் சோதனையைத் தாளும் பேனாவும் கொண்டு நாமும் செய்யலாம்.

இச்சோதனை 2 இன் அடுக்கிலிருந்து 1 கழித்து வரும் மெர்சென் எண்களுக்கு மட்டுமே உரியது. அடுக்கும் ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்க வேண்டும். 9 ஐ எடுத்தால் 511 வரும், அது 7 × 73 என்று உடைந்துவிடும்.

முதலில் 4 ஐ எழுதிக்கொள்ளுங்கள். அதன் வர்க்கத்திலிருந்து 2 ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த மீதிக்கும் இதையே செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்தபின் மீதி 0 என்றால் அது பகா எண். இல்லையென்றால் நிச்சயமாக இல்லை.

127 என்பது 2⁷ − 1. ஆகவே ஐந்து முறை செய்ய வேண்டும். இங்கே 127 ஆல் வகுக்கவே தேவையில்லை. 128 ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும், ஏனெனில் ஒவ்வொரு 128 இலும் ஒரு 127 போக 1 மிஞ்சுகிறது. பெங்களூரு அல்சூரில் என்னிடம் கணிதம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளை, ஈவு, மீதி, கூட்டல் என்று கட்டம் போட்டு எழுதச் சொல்வேன். 2 ஐக் கழிக்க மறந்தால் உடனே கண்ணில் படும்.

முதல் முறை 14. இரண்டாம் முறை 194. ஈவு 1, மீதி 66, கூட்டினால் 67. அடுத்து 67 இன் வர்க்கம் 4489, இரண்டு போக 4487. ஈவு 35, மீதி 7, ஆக 42. நான்காம் முறை 1762. 13 உம் 98 உம் சேர்ந்து 111. கடைசியாக 12,319, 96 உம் 31 உம் சேர்ந்து 127, அதாவது 0. எனவே 127 பகா எண். இரும எண்முறையில் 128 ஆல் வகுப்பது இலக்கங்களை ஓரிடத்தில் வெட்டிப் பிரிப்பதுதான். ராட்சத எண்களைக் கணினி இம்முறையில் சோதிக்க அது பெரிதும் உதவுகிறது.

2¹¹ − 1 ஆன 2047 க்கு ஒன்பது முறை செய்தால் 1736 மிஞ்சும். ஆகவே அது பகா எண் அல்ல. ஆனால் அதன் காரணிகள் 23, 89 என்பதை 1736 சொல்லாது. இச்சோதனையில் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுவே. 2⁶⁷ − 1 பகா எண் அல்ல என்று 1876 இல் லூக்காஸ் காட்டினார். அதன் காரணிகளான 193707721, 761838257287 ஆகியவற்றை ஃபிராங்க் நெல்சன் கோல் 1903 இல்தான் வெளியிட்டார்.

அடுத்து 8191 ஐ நீங்களே செய்து பாருங்கள். அடுக்கு 13, ஆகவே பதினொரு முறை. இங்கே 8192 ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்ட வேண்டும். ஏழாம் முறையில் 36, பத்தாம் முறையில் 128 வந்தால் கணக்குச் சரியாகப் போகிறது.