நேரத்துக்கு நேரம் மாறும் கரண்ட் விலை: பிரித்தானியாவில் மாறுவதற்கு முன் என்ன செய்யவேண்டும்?

லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டில் கரண்ட் அதிகம் போவது மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை. சமையல், மகளின் குளியல், உடுப்புத் துவைக்கும் மெஷின் எல்லாம் அந்த நேரத்தில்தான். நாடு முழுவதும் ஏறத்தாழ அப்படித்தான். அந்தத் தேவையைச் சமாளிக்க எரிவாயு மின்நிலையங்களைக் கூடுதலாக ஓட்டுகிறார்கள். நள்ளிரவு தாண்டி நல்ல காற்று வீசும்போதோ, கம்பிகளில் இடமில்லை என்று காற்றாலைகளை நிறுத்திவைக்கப் பணம் கொடுக்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு நேரமும் ஒரே விலை.

இதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. மீற்றரை வருடத்தில் சில தடவைதான் வாசிப்பார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு எரித்தோம் என்பதைச் சராசரி வீடு ஒன்றின் வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். நீங்கள் பாவனையை இரவுக்கு மாற்றினாலும் அதனால் வரும் இலாபம் உங்கள் கம்பனியின் கணக்கில் தெரியாது. பிறகு அவர்கள் ஏன் உங்களுக்கு மலிவு விலை தரப்போகிறார்கள்? ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்ஜெம் இதை மாற்றுகிறது. 2025 ஒக்டோபரிலிருந்து மீற்றர்கள் படிப்படியாக அரைமணிநேரக் கணக்குக்கு, அதாவது ஒவ்வொரு அரைமணியிலும் உண்மையில் எவ்வளவு எரித்தோம் என்ற கணக்குக்கு, மாற்றப்படுகின்றன. இந்தச் சீர்திருத்தத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் விளம்பரத்தைப் பார்த்ததும் நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டமொன்றுக்கு மாறினால் கைச்சேதம்தான்.

முதலில், வாசிப்பைத் தானாகவே கம்பனிக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீற்றர் வேண்டும். வாடகை வீடானாலும் பில் கட்டுவது நீங்கள் என்றால் நீங்களே கேட்கலாம். வீட்டுக்காரருக்கு ஒரு சொல் சொல்லிவிடுங்கள். மீற்றர் வந்ததும் கம்பனியின் ஆப்பில் உங்கள் கணக்குக்குள் போய், அரைமணிநேர வாசிப்புகளை எடுக்க அனுமதி கொடுங்கள். பிறகு ஒரு மாதம் எதையும் மாற்றாமல் இருந்து, எந்த நேரத்தில் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். முடிந்தால் அது குளிர்கால மாதமாக இருக்கட்டும்.

சரி, இப்போது கணக்கு. எடுத்துக்காட்டுக்கு, இப்போது ஒரு அலகுக்கு 25 பென்ஸ் கொடுக்கிறீர்கள். புதிய திட்டத்தில் பகலில் 30, இரவு ஏழு மணிநேரத்துக்கு 14. மாதப் பாவனை 240 அலகு. இதில் 75 அலகாவது இரவில் போனால்தான் இரண்டும் சமன். எங்கள் வீட்டில் இரவில் போனது 48 அலகு மட்டும். அப்படியே மாறியிருந்தால் 60 பவுண் பில் 64 பவுணுக்கு மேல் வந்திருக்கும். உங்கள் விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று எடுக்கும் நிலைக்கட்டணத்தையும் ஒப்பிட மறக்கவேண்டாம், சில திட்டங்களில் வேறுபாடு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது, எதை நகர்த்துவது? ரைஸ் குக்கரை விட்டுவிடுங்கள். ஒரு தடவை சோறு வைக்க அரை அலகுகூடப் போகாது. பிள்ளைகளின் சாப்பாட்டு நேரத்தை மாற்றி மிச்சம் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. பெரிய தீனி தின்பவை மூன்று: தண்ணீர்த் தாங்கிக்குள் இருக்கும் 3 கிலோவாற் ஹீற்றர், உடுப்பு உலர்த்தும் மெஷின், மின்கார். வீட்டில் பூட்டும் கார் சார்ஜர் ஏறத்தாழ 7 கிலோவாற் இழுக்கும். கார் இருந்தால் இரவு மலிவுத் திட்டம் பெரும்பாலும் இலாபம்தான். தண்ணீர் ஹீற்றருக்கு ஒரு டைமர் போதும். ஆனால் உலர்த்தும் மெஷினை எல்லோரும் நித்திரையாக இருக்கும்போது ஓடவிடாதீர்கள். தீயணைப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை அது. அதிகாலையில் எழுந்து போட்டால் போதும்.

அரைமணிக்கு அரைமணி விலை மாறும் திட்டங்களும் உண்டு. ஒக்டோபஸ் கம்பனியின் அஜைல் அப்படியானது: மறுநாள் விலைகள் முதல்நாள் மாலை நான்கு மணியளவில் வரும், காற்றுப் பலமான நாட்களில் விலை பூச்சியத்துக்குக் கீழேயும் போகும் (பாவித்தால் உங்களுக்குத்தான் காசு), மாலை 4 முதல் 7 வரை ஏறும். கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கிற வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன். 2022 குளிர்காலத்தில் ஹீற்றரைப் போடப் பயந்து கம்பளிக்குள் இருந்த முதியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். விலையைப் பார்த்துப் பார்த்து வாழ்வது எல்லோராலும் முடியாது.

மாறிய பிறகு முதல் பில்லைக் கட்டாயம் சரிபாருங்கள். எங்கள் தெருவில் ஒரு மாமி, இரவில் சூடேறிப் பகலில் வெப்பம் தரும் பழைய ஹீற்றர்களோடு தனியாக இருக்கிறார். அவருடைய மீற்றரில் பகலுக்கு ஒரு எண், இரவுக்கு ஒரு எண். கம்பனி மாறியபோது பகல் வாசிப்பும் இரவு வாசிப்பும் இடம்மாறிப் பதிவாகிவிட்டன. பதினொரு மாதம் இரவுக் கரண்டுக்குப் பகல் விலை கட்டியிருக்கிறார். படுக்கப் போகுமுன்னும் விடிந்ததும் மீற்றரைப் படமெடுக்கச் சொன்னேன். எந்த எண் ஓடியது என்று பார்த்ததும் விஷயம் வெளித்தது. எழுத்தில் முறையிட்டோம். எட்டு வாரத்தில் தீராவிட்டால் எரிசக்திக் குறைகேள் அதிகாரியிடம் (Energy Ombudsman) இலவசமாகப் போகலாம். அந்த வரியையும் கடிதத்தில் சேர்த்தோம். ஏழாவது வாரம் காசு திரும்பி வந்தது.

வீட்டைச் சூடாக்க எரிவாயுவை விட்டு, கரண்டில் ஓடி வெளிக்காற்றிலிருந்தோ நிலத்திலிருந்தோ வெப்பத்தை எடுக்கும் வெப்பப் பம்புக்கு மாற நினைப்பவர்களுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண் மானியம் உண்டு. ஆனால் ஒரு அலகு கரண்டின் விலை எரிவாயுவைப்போல் நான்கு மடங்குக்குக் கிட்ட. பசுமைத் திட்டங்களுக்கான செலவில் பெரும்பங்கைக் கரண்ட் பில்லில் ஏற்றிவந்ததும் அதற்கு ஒரு காரணம். கார்பனைக் குறைக்க விரும்புகிறவரை இது தண்டிக்கிறது. என் மனதை உறுத்துவது இதுதான்.

அதனால் கடைசி வேலை ஒன்று: ஒஃப்ஜெம் விதிகளை மாற்றுமுன் இணையத்தில் கருத்துக் கேட்கும். யாரும் மின்னஞ்சலில் பதில் எழுதலாம், நிபுணராக இருக்கத் தேவையில்லை. ஒரு பக்கம் போதும். உங்கள் ஒரு மாத அரைமணிக் கணக்கை இணையுங்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள், எதை நகர்த்த முடியும், எதை முடியாது என்று எழுதுங்கள். நான் எழுதியபோது கேட்டது இரண்டு: புதிய திட்டத்தை விற்குமுன் வாடிக்கையாளரின் சொந்தப் பாவனையை வைத்து என்ன பில் வரும் என்று கம்பனி காட்டவேண்டும், முதல் மூன்று மாதத்துக்குள் அபராதமின்றித் திரும்பிப்போக வழி வேண்டும்.