பெல்ஃபாஸ்ட் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

லண்டனில் இருந்து விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், டப்ளினில் இருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் படிக்கவும் வேலை பார்க்கவும் போன நம்மவர்களுக்கு வார இறுதியில் எட்டிப் பார்க்க வசதியான ஊர், வட அயர்லாந்தின் தலைநகரமான பெல்ஃபாஸ்ட். டைட்டானிக் கட்டப்பட்ட இடம், வடக்கே கடலோரத்தில் ஜயன்ட்ஸ் காஸ்வேயின் அறுகோணப் பாறைகள், தெரியாதவரிடமும் நின்று பேசும் மக்கள் என்று போவதற்குக் காரணங்கள் நிறைய உண்டு. இவற்றோடு, அங்கே கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்ட்களுக்கும் நடந்த முப்பது வருட மோதலின் தடங்களையும் பார்க்க வேண்டும் என்று பலர் போகிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அந்த மோதலில் அப்பாவையோ அண்ணனையோ பறிகொடுத்தவர் உங்கள் டாக்ஸியை ஓட்டிக்கொண்டிருக்கலாம், நீங்கள் தங்கும் இடத்தில் காலை உணவு பரிமாறிக்கொண்டிருக்கலாம். இதை மறந்துவிட்டுச் சுற்றுவதால்தான் கீழே சொல்லும் தவறுகளில் பாதி நடக்கின்றன.

மதச் சண்டை என்று முடிவுகட்டுவது

கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று கேட்டதும் வழிபாட்டு முறைக்காக அடித்துக்கொண்டார்கள் என்று தோன்றும். பிரச்சினை வேறு. 1921-ல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்கே ஆறு மாவட்டங்கள் வட அயர்லாந்து என்ற பெயரில் பிரிட்டனோடு தங்கின. 17-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் இருந்தும் இங்கிலாந்தில் இருந்தும் வந்து குடியேறியவர்களின் வழிவந்த புராட்டஸ்டண்ட்கள் அங்கே பெரும்பான்மை. அவர்களில் அநேகர் பிரிட்டனோடு இருக்க விரும்பினார்கள். இவர்களை யூனியனிஸ்டுகள் என்பார்கள். கத்தோலிக்கர்களில் அநேகர் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பினார்கள், இவர்கள் நேஷனலிஸ்டுகள். வேலையிலும், அரசு வீடுகளை ஒதுக்குவதிலும், உள்ளாட்சித் தேர்தலிலும் கத்தோலிக்கர்களுக்கு அநீதி நடந்தது. அதை எதிர்த்து 1968-ல் உரிமை ஊர்வலங்கள் கிளம்பின. 1969 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்ட் தெருக்கள் எரிந்தன, பிரிட்டிஷ் ராணுவம் வந்து இறங்கியது.

அதிலிருந்து 1998 வரை 3,500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மொத்த மக்கள்தொகையே 15 லட்சத்தை ஒட்டி இருந்த இடம் அது. இறந்தவர்களில் பாதிக்கு மேல் பொதுமக்கள். ஏறக்குறைய 60 சதவீதக் கொலைகள், ஒன்றுபட்ட அயர்லாந்துக்காகப் போராடிய ஐ.ஆர்.ஏ. (ஐரிஷ் குடியரசு ராணுவம்) முதலிய ஆயுதக் குழுக்கள் செய்தவை. 30 சதவீதம் எதிர்த்தரப்பான, பிரிட்டனோடு இருக்க ஆயுதம் எடுத்த லாயலிஸ்ட் குழுக்கள் செய்தவை. மீதி 10 சதவீதம் ராணுவமும் போலீசும். யாரைக் கெட்டவர் என்று சொல்லிக்கொண்டு போனாலும், அந்தக் கதைக்குள் அடங்காத பிணங்கள் கிடக்கும்.

1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தம் துப்பாக்கிகளை ஓயவைத்தது, அடிப்படைக் கேள்வியைத் திறந்தே வைத்தது. வட அயர்லாந்து எந்த நாட்டோடு இருப்பது என்பதை அங்குள்ள பெரும்பான்மை வாக்கெடுப்பு மூலம் மாற்றிக்கொள்ளலாம். அங்கே பிறந்தவர் தன்னை பிரிட்டிஷ், ஐரிஷ், அல்லது இரண்டும் என்று சொல்லிக்கொள்ளலாம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணி உள்ளவர்கள் 43.5 சதவீதம். அதனால் "கடைசியில் யார் ஜெயித்தார்கள்?" என்று அங்கே யாரிடமும் கேட்காதீர்கள்.

பழைய கதை என்று நினைப்பது

எனக்கு மிகப் பெரிய தவறாகப் படுவது இதுதான். மேற்கு பெல்ஃபாஸ்டில் ஃபால்ஸ் ரோடு கத்தோலிக்கப் பகுதி, அதற்கு இணையாக ஓடும் ஷாங்கில் ரோடு புராட்டஸ்டண்ட் பகுதி. இரண்டுக்கும் நடுவே கூப்பர் வே தெருவில் நிற்கும் சுவரைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். அதற்கு அமைதிச் சுவர் என்று பெயர். 1969-ல் தற்காலிகத் தடுப்பாகத் தொடங்கியது. பிறகு அதன் மேல் தகடு, அதன் மேல் கம்பிவலை என்று அடுக்கடுக்காக உயர்த்தினார்கள். ஊரில் இப்படிப் பல சுவர்கள் இருக்கின்றன, சில ஒப்பந்தத்துக்குப் பிறகு எழும்பியவை. அருகே லானார்க் வேயில் உள்ள கதவை இன்றும் இரவில் பூட்டுகிறார்கள். 2021 ஏப்ரலில் அந்த இடத்தில்தான் கலவரம் வெடித்தது, பஸ் ஒன்றைக் கடத்தி எரித்தார்கள். எல்லாச் சுவர்களையும் 2023-க்குள் அகற்றுவதாக வட அயர்லாந்து அரசு 2013-ல் அறிவித்தது. அந்த வருடமும் வந்து போனது, சுவர்கள் நிற்கின்றன.

ஏன் இன்னும் இடிக்கவில்லை என்று வெளியூர்க்காரருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் சுவரை ஒட்டிக் குடியிருப்பவர் தன் பிள்ளை எங்கே தூங்குகிறது என்பதை வைத்து யோசிக்கிறார். சுவரின் ஃபால்ஸ் பக்கம் பாம்பே ஸ்ட்ரீட் என்ற தெரு இருக்கிறது. ஆமாம், நம் பம்பாயின் பெயர்தான். பக்கத்துச் சாலை காஷ்மீர் ரோடு. பிரிட்டிஷ் பேரரசு விட்டுப்போன பெயர்கள் இவை. 1969 ஆகஸ்டில் அந்தத் தெருவின் வீடுகளை எரித்தார்கள், 15 வயதுப் பையன் ஒருவன் சுடப்பட்டு இறந்தான். மறுபடி கட்டிய வீடுகளின் கொல்லைப்புறத்துக்கு மேல், எதிர்ப்பக்கத்தில் இருந்து கல் வந்து விழாமல் இருக்கக் கம்பிக்கூண்டு போட்டிருக்கிறார்கள். துணி காயப்போடும் இடத்துக்கு மேலே கூண்டு. அங்கே போய் நின்று, வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே கேமராவை நீட்டாதீர்கள்.

சுவரில் சுற்றுலாப் பயணிகள் பேனாவால் வாசகம் எழுதுவது வழக்கமாகிவிட்டது. வழிகாட்டிகளே பேனா கொடுப்பார்கள். யாரும் தடுக்கமாட்டார்கள், ஆனாலும் "அன்பே வெல்லும்" என்று எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்புவது எனக்கு ஒப்பவில்லை. அந்த ஐந்து நிமிடத்தைச் சுவரின் இரண்டு பக்கமும் நடந்து பார்க்கச் செலவிடலாம்.

சுவர் எப்படி ஒரு வாழ்க்கையாக மாறுகிறது என்று பார்க்க வேண்டுமானால் வடக்கு பெல்ஃபாஸ்டில் அலெக்ஸாண்ட்ரா பூங்காவுக்குப் போங்கள். பூங்காவை நடுவே வெட்டி 1994-ல் ஒரு சுவர் எழுப்பினார்கள். 2011-ல் அதில் ஒரு கதவு வைத்துப் பகலில் திறந்துவிடத் தொடங்கினார்கள். அர்டாய்னில் கிரம்லின் ரோட்டை ஒட்டிய ஒரு சுவரை 2016-ல் அடியோடு இடித்துவிட்டார்கள். இந்தச் சின்ன மாற்றங்களுக்குப் பின்னால் வருடக்கணக்கில் வீடு வீடாகப் போய்ப் பேசியவர்கள் இருக்கிறார்கள். மேற்கே சிட்டி செமிட்டரியில் 19-ம் நூற்றாண்டிலேயே மண்ணுக்கு அடியில் சுவர் கட்டிக் கத்தோலிக்கப் பிணங்களுக்கு என்று தனி இடம் ஒதுக்கினார்கள். பிரிவினை 1969-ல் முளைத்தது இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு வருவது

கறுப்பு டாக்ஸிச் சுற்றுலா பெல்ஃபாஸ்டில் பிரபலம். எழுபதுகளில் கலவரத்தால் பஸ்கள் நின்றபோது மக்களை ஏற்றிச்செல்ல ஓடத் தொடங்கிய வண்டிகள் அவை. ஓட்டுநர்கள் நன்றாகக் கதை சொல்வார்கள், ஆனால் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தெருவில் வளர்ந்தவர்தான். எந்தத் தெருவை விரிவாகச் சொல்கிறார், எதை ஒரே வரியில் தாண்டுகிறார் என்று கவனியுங்கள். நேரம் இருந்தால் நடைச் சுற்றுலா இன்னும் நல்லது. முன்னாள் ஐ.ஆர்.ஏ. கைதி ஒருவர் ஃபால்ஸ் ரோட்டில் உங்களை அழைத்துப்போய், சுவரருகே முன்னாள் லாயலிஸ்ட் ஒருவரிடம் ஒப்படைப்பார். மீதிப் பாதியை அவர் சொல்வார். ஒரு காலத்தில் ஒருவரையொருவர் கொல்லத் தயாராக இருந்த இரண்டு தரப்பினர் அவர்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாது. இரண்டையும் கேட்டுவிட்டு எதையும் முடிவுசெய்யாமல் திரும்பினால் தவறே இல்லை.

சுவரோவியங்களிலும் இதே கதைதான். செவஸ்டபோல் தெரு முனையில் பாபி சாண்ட்ஸின் முகம் பெரிதாக வரையப்பட்டிருக்கிறது. ஐ.ஆர்.ஏ. கைதியாகச் சிறையில் உண்ணாவிரதம் இருக்கும்போதே நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்வாகி, 66-ம் நாளில், 1981 மே 5 அன்று இறந்தவர். அந்தப் படத்தின் முன் நிற்பவர்களில் பலர், கொஞ்ச தூரத்தில் ஷாங்கில் ரோட்டில் 1993 அக்டோபர் 23 சனிக்கிழமை மீன்கடையில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு பற்றிக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அங்கிருந்த ஒன்பது பேரும் குண்டு கொண்டுவந்தவர்களில் ஒருவரும் செத்தார்கள். அதேபோல் ஷாங்கிலை மட்டும் பார்ப்பவர்களுக்கு, 1971 டிசம்பர் 4 அன்று மெக்கர்க்ஸ் பாரில் லாயலிஸ்ட் குண்டுக்கு 15 பேர் இறந்தது தெரியாமல் போகும். மேற்கு பெல்ஃபாஸ்டின் பாலிமர்ஃபியில் 1971 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவ நடவடிக்கையின்போது கொல்லப்பட்ட பத்துப் பேரும் குற்றமற்றவர்கள் என்று மரண விசாரணை சொல்வதற்கு 2021 மே வரை ஆனது. இந்த இடங்களில் நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன, குடும்பத்தார் பூ வைக்க வருகிறார்கள். முகமூடியும் துப்பாக்கியும் வரைந்த சுவருக்கு முன்னால் நின்று அதே போஸ் கொடுத்துப் படமெடுப்பவர்களையும் பார்க்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பேச்சில் வரும் சங்கடங்கள்

"நீங்கள் கத்தோலிக்கரா, புராட்டஸ்டண்டா?" என்று கேட்பது நம் ஊரில் முன்பின் தெரியாதவரிடம் சாதி கேட்பதற்குச் சமம். படித்த பள்ளியைக் கேட்டாலும் அதையே கேட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இன்றும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். இருவரும் சேர்ந்து படிக்க என்று லாகன் காலேஜ் தொடங்கியதே 1981-ல்தான். அவர்களாகவே பேச ஆரம்பித்தால் கேளுங்கள். நிறையப் பேர் பேசுவார்கள், அதுவும் மணிக்கணக்கில். நடுவில் "எங்கள் ஊரிலும் இப்படித்தான்" என்று நம் கதையைக் கொண்டுவந்து வைக்க வேண்டாம். ஈழத்தில் இருந்து வந்தவர்களுக்கு இந்த ஊர் வேறுவிதமாக வலிக்கும் என்பது தெரியும். அவர்கள் பேசினால் அங்குள்ளவர்களும் அக்கறையாகக் கேட்பார்கள். ஆனால் முதலில் அவர்கள் சொல்லி முடிக்கட்டும்.

சில பாரில் கிண்ணஸ் பீரோடு விஸ்கி கலந்த 'ஐரிஷ் கார் பாம்' கேட்கும் அமெரிக்கர்களைப் பார்த்து நாமும் கேட்டுவிடக் கூடாது. 1972 ஜூலை 21 அன்று ஒரே பிற்பகலில் ஏறக்குறைய இருபது குண்டுகள் வெடித்த ஊர் இது. கால்பந்து ஜெர்சியும் வேண்டாம்: கிளாஸ்கோவின் செல்டிக் என்றால் கத்தோலிக்கர், ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டண்ட் என்று அர்த்தம், பல பார்கள் இரண்டையும் உள்ளே விடாது. வடமேற்கே உள்ள நகரத்தை ஒரு தரப்பு டெர்ரி என்கிறது, மற்றது லண்டன்டெர்ரி என்கிறது. எதிரில் இருப்பவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள்.

நாள் பார்க்காமல் டிக்கெட் போடுவது

ஜூலை 12 அன்று ஆரஞ்சு ஆர்டர் என்ற புராட்டஸ்டண்ட் அமைப்பினர், கத்தோலிக்க மன்னரைப் புராட்டஸ்டண்ட் மன்னர் வென்ற 1690 பாய்ன் போரைக் கொண்டாடி ஊர்வலம் போவார்கள். முந்தைய இரவு பல அடுக்கு உயரத்துக்குப் பலகைகளை அடுக்கி எரிப்பார்கள். கடைகள் பல மூடியிருக்கும், பஸ் வழிகள் மாறும், ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் அந்த வாரம் வெளியூர் போய்விடுவார்கள். பார்க்கவேண்டும் என்றே போகிறவர்கள் முக்கியச் சாலைகளில் பகலில் நின்று பார்ப்பது நல்லது. முதல் தடவை போகிறவர்கள் வேறு வாரம் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மதியம் ஒரு மணிக்குத்தான் திறக்கும். உல்ஸ்டர் மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மோதல் பற்றி அங்கே நல்ல காட்சிக்கூடம் இருக்கிறது, அனுமதி இலவசம். 1788-ல் தொடங்கிய லினன் ஹால் நூலகத்தில் இரண்டு தரப்பின் துண்டறிக்கைகளையும் சுவரொட்டிகளையும் சேர்த்துவைத்திருக்கிறார்கள். சுவர்களைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டுக்கும் போய்விட்டால் பார்ப்பது எல்லாம் கூடுதலாகப் புரியும்.

டைட்டானிக்கைத் தனியாகப் பார்ப்பதும் ஒரு தவறுதான். 2012-ல் திறந்த டைட்டானிக் பெல்ஃபாஸ்ட் அருங்காட்சியகம் அருமையானது. அதே கப்பல் பட்டறைகளில் இருந்து 1920 ஜூலையில் ஆயிரக்கணக்கான கத்தோலிக்கத் தொழிலாளர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பாதுகாப்பு, விசா, பணம்

பயணிகளைக் குறிவைத்து அங்கே யாரும் எதுவும் செய்வதில்லை, நகர மையம் இரவிலும் கலகலப்பாக இருக்கும். ஆனால் 2024 ஆகஸ்டில் குடியேறிகளுக்கு எதிரான கலவரத்தில் பெல்ஃபாஸ்டில் வெளிநாட்டவர் நடத்திய கடைகளை எரித்தார்கள். நம் நிறத்தில் இருப்பவர்களுக்குப் பழைய மோதலைவிட இதுதான் நேரடியாகத் தொடும் விஷயம். போகும் வாரத்துச் செய்திகளைப் பார்த்துவிட்டு, போராட்டம் அறிவித்த தெருக்களைத் தவிர்த்தால் போதும்.

அப்புறம் விசா. டப்ளினில் இருந்து பெல்ஃபாஸ்டுக்கு ரயிலோ பஸ்ஸோ ஏறினால் எல்லையில் பெரும்பாலும் யாரும் நிறுத்தமாட்டார்கள், பலகைகளில் கிலோமீட்டர் மைலாக மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியதே தெரியும். அதனால் விசாவே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். பெல்ஃபாஸ்ட் இருப்பது பிரிட்டனில், டப்ளின் இருப்பது அயர்லாந்துக் குடியரசில். ஒன்றின் விசா தானாகவே மற்றதற்குச் செல்லாது. இந்தியர்களுக்குக் குறுகிய காலப் பயணத்தில் ஒரே விசாவில் இரண்டுக்கும் போக ஏற்பாடு உண்டு, ஆனால் உங்கள் விசா அந்த வகையைச் சேர்ந்ததா என்று கிளம்பும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். வழியில் திடீர்ச் சோதனை நடப்பதும் உண்டு. பெல்ஃபாஸ்டில் யூரோ செல்லாது, பவுண்டுதான். உள்ளூர் வங்கிகளே அச்சடித்த பவுண்டு நோட்டுகள் கையில் வரும். இங்கிலாந்துக் கடைகளில் அவற்றை வாங்கத் தயங்குவார்கள் என்பதால் விமானம் ஏறும் முன் செலவழித்துவிடுங்கள்.