தவறிய ஒப்படையும் போயா விடுமுறைகளும்

பாடசாலை உயர்தரத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். 38 வயதில், நாவலையிலுள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். 1980இல் தொடங்கப்பட்டது, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏற்ற இடம். புத்தகம் கையில் இருக்கிறதே, பிறகு பார்க்கலாம் என்று விட்டதில் முதல் வருடமே இரண்டு ஒப்படைகளின் (எழுதிக் கொடுக்க வேண்டிய பாடப் பணிகள்) கெடு தவறிப்போனது. தொடர் மதிப்பீட்டில் போதிய புள்ளி இல்லையென்றால் இறுதிப் பரீட்சை எழுத முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிரவு அழுதேன்.

அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை கெடு நாட்களை எல்லாம் குசினி நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் முந்திய தேதிதான் எனக்குக் கெடு. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்தப் பத்து நாள் தாங்கியது.

மாதா மாதம் பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறையை ஒப்படை எழுதுவதற்கென்றே ஒதுக்கினேன். வீட்டில் முதலில் முணுமுணுப்புத்தான். "சரி, அன்றைக்குச் சமையல் என்னுடையது" என்று கணவர் சொன்னபோது பாதிப் பாரம் இறங்கியது. வெள்ளவத்தையிலிருந்து கொழும்புக் கோட்டைக்குப் போகும் காலை ரயிலில் இருக்க இடம் கிடைக்காது, நின்றபடியே ஒரு பக்கம் வாசிப்பேன். இரவில் அதை மூடிவைத்துவிட்டு, நினைவில் நின்றதைக் கையால் எழுதிப் பார்ப்பேன். எனக்கு மிகவும் உதவியது இதுதான். வெறும் வாசிப்பு ஒரு வாரம்கூட மனதில் நிற்கவில்லை.

வகுப்பில் பழக்கமான தெகிவளை அக்காவும் நானும் ஞாயிறு இரவுகளில் போனில் கேள்வி கேட்டுக்கொள்வோம். இரண்டாம் முறை பரீட்சைக்கான தகுதி கிடைத்ததும் முதலில் அவருக்குத்தான் சொன்னேன்.