பெரிய தொப்பி போடுவது எப்படி: அஸ்காட்டுக்கும் இங்கிலாந்துக் கல்யாணத்துக்கும்

இங்கிலாந்தில் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது, அல்லது ஜூன் மாதம் அஸ்காட் குதிரைப் பந்தயத்துக்கு ஆபீசில் கூப்பிட்டிருக்கிறார்கள். உடை எடுத்தாயிற்று, செருப்பு எடுத்தாயிற்று. தொப்பி என்று வந்தவுடன்தான் நம்மவர்களுக்குத் தயக்கம். கடைசியில் நெற்றியோரம் இரண்டு இறகு ஒட்டிய கிளிப் ஒன்றைக் குத்திக்கொண்டு போய், எழுபது வயதுப் பாட்டிகள் தாம்பாள அகலத்தில் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஏங்குவதுதான் நடக்கிறது.

பெரிய தொப்பிக்கு மனத்துணிச்சல் வேண்டும் என்பார்கள். அந்தத் துணிச்சலில் பாதி ஸ்லைடிலும் எலாஸ்டிக்கிலும் இருக்கிறது. தொப்பி ஆடாமல் உட்கார்ந்துவிட்டால் கை அடிக்கடி தலைக்குப் போகாது. தொட்டுத் தொட்டுச் சரிசெய்கிறவர்களின் தலையில்தான் எந்தத் தொப்பியும் வேடிக்கையாகத் தெரியும். அதனால் இங்கே அழகுக் குறிப்பைவிடப் பொருத்தும் வேலையே அதிகம்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

அஸ்காட் என்றால் டிக்கெட் எந்தப் பகுதிக்கு (அங்கே ‘என்க்ளோஷர்’ என்பார்கள்) என்பதுதான் முதல் கேள்வி. ராயல் என்க்ளோஷரில் பெண்களுக்குத் தொப்பி வேண்டும். தொப்பிக்குப் பதிலாகச் சிறிய தலையணி போடுவதென்றால் அதன் கெட்டியான அடிப்பாகம் குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. விட்டம் இருக்க வேண்டும். வெறும் இறகும் வலையுமாக இருக்கும் ஃபாசினேட்டர் 2012 முதல் அங்கே செல்லாது. குயின் ஆன் என்க்ளோஷரில் ஃபாசினேட்டரும் சரிதான், ஆனால் ஏதாவது ஒன்று தலையில் இருந்தாக வேண்டும். விண்ட்சர் என்க்ளோஷரில் கட்டாயம் எதுவும் இல்லை. வியாழக்கிழமை, தங்கக் கோப்பை ஓடும் ‘லேடீஸ் டே’ அன்று, எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் உங்களைவிடப் பெரிதாக ஒருவர் போட்டிருப்பார். கெர்ட்ரூட் ஷில்லிங் என்ற பெண்மணி, தொப்பி வடிவமைப்பாளரான மகன் டேவிட் செய்து கொடுத்த ராட்சதத் தொப்பிகளோடு அங்கே வருஷா வருஷம் வந்து ‘அஸ்காட் மாஸ்காட்’ (அஸ்காட்டின் அதிர்ஷ்டச் சின்னம்) என்றே பெயர் வாங்கியவர். திறந்தவெளி என்பதால் அகலம் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

கல்யாணம் வேறு கணக்கு. சர்ச்சில் உங்களுக்குப் பின்வரிசையில் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். விளிம்பு 12 செ.மீ.க்கு மேல் போனால் அவர்களுக்கு மணப்பெண் தெரிய மாட்டாள். பெரிய விளிம்பு வேண்டும் என்று ஆசையிருந்தால் வரிசையின் சுவரோர முனையில் உட்காருங்கள். இன்னொன்று, அன்றைக்குத் தொப்பி விஷயத்தில் பெரியவர் மணப்பெண்ணின் அம்மா. அவர் என்ன நிறத்தில் போடுகிறார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது மரியாதை. அவர் கழற்றும்வரை மற்றப் பெண்கள் கழற்றுவதில்லை என்பது பழைய வழக்கம், பல குடும்பங்களில் இன்றும் பார்க்கிறார்கள். மாலை ஆறு மணிக்குமேல் தொடங்கும் விருந்துக்கு அகல விளிம்பு பொருந்தாது. உள்ளங்கை அளவுத் தொப்பி போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

கோடைக்கால விசேஷத் தொப்பிகளில் பெரும்பாலானவை சினமே என்ற நெய்த நாரில் செய்தவை. பிலிப்பைன்ஸில் விளையும் அபாக்கா என்ற வாழை இனத்தின் மட்டைநார் அது. எடை மிகக் குறைவு, அதனால்தான் அவ்வளவு பெரிதாகச் செய்ய முடிகிறது. கம்பளித் தொப்பி குளிர்காலக் கல்யாணத்துக்கு.

வடிவம் என்று பார்த்தால் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும். தலையை முழுசாக மூடி, சுற்றிலும் விளிம்பு உள்ளது ஒன்று. தட்டு மாதிரி நெற்றியோரம் சாய்ந்து உட்காரும், எலாஸ்டிக்கில் நிற்கும் தட்டுத்தொப்பி இரண்டாவது. டப்பா வடிவ ‘பில்பாக்ஸ்’ மூன்றாவது. முதல்முறை போடுகிறவர்களுக்குத் தட்டுத்தொப்பியைத்தான் சொல்வோம். முழுத்தொப்பியில் தலை அளவு, கொண்டை, வியர்வை என்று தொல்லை அதிகம்.

முக வடிவத்துக்கு ஏற்ற தொப்பி என்று பெரிய பெரிய அட்டவணைகள் போடுவார்கள். அதை விட்டுவிட்டு ஆளுயரக் கண்ணாடி முன் நின்று தோளைப் பாருங்கள். விளிம்பு தோள் அகலத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஐந்தடி, ஐந்தே கால் அடி உயரமுள்ளவர்கள் அகலத்தைக் குறைத்து, மேல்நோக்கி எழும் இறகோ வளையமோ உள்ளதாக எடுத்தால் உயரம் கூடித் தெரியும். அளவு, நிறம், அலங்காரம் மூன்றில் ஏதாவது ஒன்று மட்டும் மிஞ்சிப்போகலாம். பெரிய தொப்பி என்றால் ஒரே நிறம், சின்னப் பூ. நிறம் கண்ணைப் பறிக்கிறது என்றால் வடிவம் எளிமையாக இருக்கட்டும்.

மிஞ்சிப்போனதற்கு உதாரணம் கேட்டால், 2011 ஏப்ரல் 29 அன்று இளவரசர் வில்லியம்-கேத்தரின் கல்யாணத்துக்கு அவருடைய சித்தப்பா மகள் இளவரசி பியாட்ரிஸ் போட்டுவந்த, தொப்பி வடிவமைப்பாளர் பிலிப் ட்ரேசி செய்த ரிப்பன் வளையத் தொப்பியைச் சொல்வார்கள். உலகமே கேலி செய்தது. அடுத்த மாதமே அதை ஈபேயில் ஏலம் விட்டு, வந்த 81,100 பவுண்டைக் குழந்தைகள் நலனுக்குக் கொடுத்தார். இன்று அந்தக் கல்யாணத்தில் வேறு யார் என்ன போட்டார்கள் என்று பலருக்கு நினைவில்லை.

முழுத்தொப்பி வாங்குவதென்றால் தையல் டேப்பை நெற்றியின் நடுவில் வைத்து, காதுக்கு 1 செ.மீ. மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையின் புடைப்பைச் சுற்றி அளவெடுங்கள். பெண்களுக்கு 56, 57 செ.மீ. சாதாரண அளவு. அன்றைக்குப் போடப்போகும் தலைமுடி அலங்காரத்தோடு அளக்க வேண்டும். கொண்டை இரண்டு செ.மீ.கூட மாற்றிவிடும். சற்றுப் பெரிதாக இருந்தால் உள்பட்டைக்குள் மெல்லிய நுரைப்பட்டையைச் செருகிச் சரிசெய்யலாம். சின்னதாக இருப்பதைப் பெரிதாக்குவது கடைக்காரருக்கே கஷ்டம். ஒரு நாளைக்குத்தான் என்றால் வாடகைக்குத் தரும் கடைகள் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் உண்டு. புடவையின் ஓரத்துணி ஒரு துண்டு கையோடு கொண்டுபோங்கள். போனில் எடுத்த படத்தில் நிறம் ஏமாற்றும்.

புடவையோடு

புடவைக்குத் தொப்பியா என்று கேட்பவர்கள் ஒருமுறை சேர்த்துப் பார்க்க வேண்டும். விளிம்பு வலது புருவத்தின் பக்கம் சாய்வதுதான் பெண்களின் தொப்பியில் வழக்கம். நமக்கு முந்தானை இடது தோளில். இரண்டும் எதிரெதிர் பக்கம் இருப்பதால் சமனாகிவிடுகிறது. ராயல் என்க்ளோஷரில் வெளிநாட்டு விருந்தினர் தங்கள் நாட்டு விசேஷ உடையில் வரலாம். ஆனால் இடுப்பு தெரியக் கூடாது என்பதும் அங்கே பொதுவான விதி. ரவிக்கையை 5 செ.மீ. இறக்கித் தைத்து, முந்தானை ஓரத்தை இடுப்பில் ஒரு ஊக்கால் குத்திவிட்டால் பிரச்சினை வராது.

அகல ஜரிகைக் காஞ்சிபுரத்துக்கு மேல் பெரிய இறகுத்தொப்பி வைத்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சின்னக் கரை உள்ள மென்பட்டு, ஆர்கன்சா, ஒரே நிற ஷிஃபான் நன்றாகச் சேரும். தொப்பி நிறத்தைப் புடவையின் உடல் நிறத்தில் எடுக்காமல் கரையில் எடுங்கள். முந்தானையை மடித்துக் குத்துங்கள், விரித்துவிட்டால் காற்றில் எழுந்து விளிம்பைத் தட்டும். சாயும் பக்கத்துக் காதில் நீள ஜிமிக்கி போட்டால் வலையில் மாட்டிக்கொள்ளும். தோடு போதும். மல்லிகைப்பூவை அன்று விட்டுவிடுங்கள். தொப்பியும் பூவும் சேர்ந்தால் இரண்டுமே எடுபடாது.

பொருத்துவது

எண்ணெய் தேய்த்த வழுவழுப்பான முடியில் எந்தத் தொப்பியும் நிற்காது. முதல்நாள் தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போடாமல் விட்டுவிடுங்கள். அன்று காலையும் எண்ணெய் வேண்டாம்.

தொப்பி உட்காரும் இடத்தில், முடிக்கு அடியில், விரல் பருமனுக்கு ஒரு சின்னப் பின்னல் போட்டு, அதை ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சுருட்டி, இரண்டு ஸ்லைடைப் பெருக்கல் குறிபோலக் குறுக்காகக் குத்துங்கள். மேலே உள்ள முடியை அதன்மேல் படிய வாருங்கள். தொப்பியின் சீப்பும் மற்ற ஸ்லைடுகளும் இந்தச் சுருளில்தான் பிடிக்கும். அடர்ந்த கருங்கூந்தல் இந்த வேலைக்கு வரம். மெல்லிய முடிக்காரர்கள் அடியில் எதிர்வாரி சிக்காக்கிக்கொள்ள வேண்டும்.

தட்டுத்தொப்பியின் எலாஸ்டிக் தாடைக்குக் கீழே போவதில்லை, அது குழந்தைகளின் பிறந்தநாள் தொப்பிக்கு. காதுக்குப் பின்னால் இறங்கி, பின்னந்தலை முடிக்கு அடியில், பிடரிக்குச் சற்று மேலே உட்கார வேண்டும். 2 மி.மீ. உருண்டை எலாஸ்டிக், முடியின் நிறமான கறுப்பில், 35 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். இரு முனையிலும் முடிச்சுப் போட்டுத் தைத்தபின் 32, 33 செ.மீ. நிற்கும். முடி மிக அடர்த்தி என்றால் 2 செ.மீ. கூட்டுங்கள். தைக்கும் இடம் தொப்பியின் உள்பட்டையில், இரு பக்கக் காதுக்கும் நேர் மேலே. கடைத்தொப்பியில் சரியில்லாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். முன்பக்கம் தூக்கிக்கொண்டு தொப்பி பின்னால் சரிகிறது என்றால் இரண்டு தையலையும் 1 செ.மீ. முன்னால் நகர்த்துங்கள். பின்பக்கம் தூக்குகிறது என்றால் பின்னால் நகர்த்துங்கள். எலாஸ்டிக்கை இறுக்குவதால் இது தீராது, தலைவலிதான் வரும்.

முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். கூச்சப்படுகிறவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, தொப்பியைப் பின்னால் தள்ளி வைப்பது. பின்னால் போகப் போகக் கழன்று விழப்போவது போலத் தெரியும், பிடிமானமும் போகும்.

சீப்பு தைத்த தொப்பியில், வாரிய முடியின் போக்குக்கு எதிராகச் சீப்பைச் செலுத்துங்கள். போக்கிலேயே விட்டால் வழுக்கி வந்துவிடும். கொண்டை போட்டு முழுத்தொப்பி வைப்பவர்களுக்கு 15 முதல் 20 செ.மீ. நீளத் தொப்பி ஊசி உண்டு. உச்சிப்பகுதியின் பக்கவாட்டில் குத்தி, கொண்டை வழியாகச் செலுத்தி, மறுபடி தொப்பியிலேயே வெளியே எடுத்து, முனைக்கு மூடி போட வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் அந்த ஊசியைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடுங்கள். கண்ணாடி அணிபவர்கள் எலாஸ்டிக் மாட்டிய பிறகு கண்ணாடியைப் போடுங்கள், முன்னமே போட்டால் காம்பு அழுந்திக் காதுக்குப் பின்னால் புண்ணாகும்.

எல்லாம் முடிந்ததும் குனிந்து தரையில் கிடக்கும் ஒன்றை எடுங்கள். வேகமாக இருபுறமும் திரும்புங்கள். வாசலில் காற்றுக்கு எதிரே நில்லுங்கள். விசேஷத்துக்கு முந்தின வாரமே வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டு சமைத்துப் பாருங்கள். இருபது நிமிஷத்தில் வலித்தால் எலாஸ்டிக் சின்னது.

அங்கே போனபின்

ஆங்கிலேயர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து முகமன் சொல்வார்கள், பெரும்பாலும் வலது கன்னம் முதலில். உங்கள் விளிம்பு சாய்ந்திருப்பதும் அதே பக்கம். இரண்டு தொப்பிகள் முட்டாமலிருக்க, நீங்களே முந்திக்கொண்டு இடது கன்னத்தைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் கையை நீட்டிவிடுங்கள். தொப்பி போட்ட இருவர் கைகுலுக்குவதை அங்கே யாரும் தப்பாக நினைப்பதில்லை.

காரில் ஏறும்போது முதலில் உட்கார்ந்து, பிறகு தலையை உள்ளே எடுத்து, கடைசியில் காலை உள்ளே வையுங்கள். இறகு உயரமாக இருந்தால் போய்ச் சேர்ந்தபின் மாட்டிக்கொள்வதே மேல், ஸ்லைடுகள் பையில் இருக்கட்டும். போட்டோவில் மோவாயைக் கொஞ்சம் தூக்குங்கள், இல்லையென்றால் விளிம்பின் நிழலில் கண் தெரியாது. குரூப் போட்டோவில் ஓரமாக நில்லுங்கள். ஷாம்பெயின் குவளை விளிம்பில் இடிக்கும், இடது பக்கமாக உயர்த்திக் குடியுங்கள்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் ஆங்கிலேயக் கோடையைப் பேச முடியாது. சினமேயைப் பசைபோட்டு விறைப்பாக்கியிருப்பார்கள், நனைந்தால் தொய்ந்துவிடும். பெரிய குடை கையில் இருக்கட்டும். நனைந்துவிட்டால் ஹேர் டிரையர் காட்டக் கூடாது, சூட்டில் கோணிக்கொண்டே காயும். துண்டால் ஒற்றி, உள்ளே டிஷ்யூ காகிதத்தை அடைத்து, உச்சி கீழாக வைத்து நிழலில் காயவிடுங்கள். விளிம்பை மேசையில் அழுத்தி வைத்தால் அந்த வளைவு அப்படியே நின்றுபோகும்.

எடுத்து வைக்கும்போதும் உச்சி கீழாகத்தான் வைக்க வேண்டும், பெட்டிக்குள் காகிதம் அடைத்து. உச்சியைக் கிள்ளித் தூக்காமல் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து எடுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விட்டுப் போகாதீர்கள், பசை இளகிவிடும். நெற்றிப் பட்டையில் ஃபவுண்டேஷன் ஒட்டியிருந்தால் அன்றிரவே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், வாடகைத் தொப்பி என்றால் கட்டாயம். அந்தக் கறைக்குத்தான் முன்பணத்தில் கை வைப்பார்கள்.